மத்யனில் நடந்த வேலை நேர்காணல்

வேலைக்கு வைத்தவருக்குக் கூலியைத் தாமதிக்கக் கூடாது என்று ஜும்ஆ பயான்களில் அடிக்கடி கேட்கிறோம். வேலை கேட்டு வருபவரை எப்படி நடத்துவது என்பது பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. ஆனால் அல்கஸஸ் அத்தியாயத்தில் (28:23-28) அதற்கு ஒரு முழு நிகழ்வே இருக்கிறது.

எகிப்திலிருந்து தப்பி வந்த மூஸா (அலை) அவர்கள், மத்யனில் இரண்டு பெண்களின் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு நிழலில் ஒதுங்குகிறார்கள். அப்பெண்களின் தந்தை (ஷுஐப் நபி என்பது பிரபலமான கருத்து, மறுப்பவர்களும் உண்டு) மகளை அனுப்பி அழைக்கிறார். எதற்கு? தண்ணீர் காட்டியதற்குக் கூலி கொடுக்க! வேலைப் பேச்சு அதன் பிறகுதான் வருகிறது. நம் கடைகளில் "பத்து நாள் வேலை பார், பிடித்தால் சேர்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லி, பிடிக்காவிட்டால் வெறுங்கையோடு அனுப்புகிறார்களே, அவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும்.

பிறகு அந்தப் பெரியவர், வந்தவரின் கதையை முழுதாகக் கேட்கிறார். அது சாதாரணக் கதையல்ல. கையால் ஓர் உயிர் போய், அரசன் தேடுகிற கதை. கேட்டுவிட்டு, பயப்படாதீர் என்று தைரியம் சொல்கிறார். மகள் சிபாரிசு செய்யும்போது சொல்லும் தகுதிகள் இரண்டே: வலிமை, நம்பகத்தன்மை. இன்று நாம் கேட்பவையோ வேறு. அத்தா என்ன செய்கிறார், நிக்காஹ் எப்போது, குழந்தை பிறந்தால் வேலையை விட்டுவிடுவாயா... ஆசிரியை வேலைக்கு வரும் நம் பெண் பிள்ளைகளிடம் நம் பள்ளிக்கூடங்களிலேயே இப்படிக் கேட்கிறார்கள்.

நிபந்தனைகளைச் சொன்னதும் அவரேதான். எட்டு வருடம் கட்டாயம், பத்தாக்கினால் உம் விருப்பம், உமக்குச் சிரமம் தர நாடவில்லை என்கிறார். "சம்பளத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. ஃபிக்ஹின் இஜாரா பாடத்திலும் கூலி இன்னதென்று தெரிந்திருப்பது நிபந்தனை. எவ்வளவு எதிர்பார்க்கிறாய் என்று கேட்டு, இல்லாதவன் வாயிலிருந்தே குறைந்த தொகையை வரவழைப்பது கெட்டிக்காரத்தனம் ஆகாது.

அசல் சான்றிதழை வாங்கிப் பூட்டி வைப்பதும் வேண்டாம். சரிபார்த்த உடன் திருப்பிக் கொடுத்துவிடலாம். தேர்வாகாதவருக்கு "இல்லை" என்று ஒரு வரி அனுப்பிவிட வேண்டும். அந்த ஒரு வரி வராததால், வேறு இடத்தில் கிடைத்த வேலையைத் தள்ளிப்போட்டுவிட்டு, ஒரு மாதமாகப் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள்.