மணலில் ஓடும் வண்டியும் அதற்கேற்ற எஞ்சினும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை இல்லை. ஆறு என்று பெயர் கூறத்தக்கதும் மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாறு ஒன்றே. எனினும் மோட்டார் வண்டியின் உறுதியைச் சோதித்துப் பார்க்கும் நிலம் இங்கு இல்லை என்று கூறுதல் பொருந்தாது. வல்லிபுர ஆழ்வார் கோயிலைக் கடந்து மணற்காட்டை நோக்கிச் செல்வோர், சவுக்கந் தோப்புகளுக்கு அப்பால் வெண்மணல் குன்று குன்றாகக் குவிந்து கிடப்பதைக் காண்பர். பழைய அந்தோனியார் கோவிலின் சுவர்களைப் பாதிவரை விழுங்கிவிட்ட மணல் அது. தெருவிலே சீராக ஓடும் வண்டி அம்மணலில் நான்கு பாகம் சென்றதும் அச்சுவரை புதைந்து நின்றுவிடும்.

இத்தகைய நிலத்தில் ஓடுவதற்கென்று இரும்புக் குழாய்களை ஒட்டிச் சட்டம் அமைத்து, பழைய கார் ஒன்றின் எஞ்சினைப் பொருத்தி, தம் கையாலேயே ஒரு சிறு வண்டியைச் செய்துகொள்ள விரும்பும் இளைஞர் பல நாடுகளிலும் உளர். நம் மாணவரிடத்தும் இவ்விருப்பம் இல்லாமலில்லை. அவர்கள் முதலிற் கேட்கும் வினா, "எத்தனை பரிவலு எஞ்சின் வேண்டும்?" என்பதாகும். நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ கேட்கவேண்டிய அவ்வினாவை முதலிற் கேட்பதனாலேயே பணமும் உழைப்பும் பெரும்பாலும் வீணாகின்றன. நிலம் எவ்வளவு இழுவை கேட்கின்றது, எந்தக் கியர்ப் பெட்டி கிடைக்கின்றது, எந்த எரிபொருள் நம்பத்தக்கது, பழுதுற்றால் யார் திருத்துவார் என்பவை அதற்கு முன்னே நிற்கும் வினாக்கள்.

இவ்வகை வண்டிகளுக்கு வழிகாட்டியாக அமைந்தது அமெரிக்காவின் கலிபோர்னியாவிலே புரூஸ் மேயர்ஸ் என்பவர் 1964ஆம் ஆண்டிற் செய்த 'மேயர்ஸ் மாங்ஸ்' என்னும் வண்டி. மேயர்ஸ் படகு கட்டுபவர். இன்று நம் கரையோரங்களில் மீனவர் கொண்டுசெல்லும் கண்ணாடியிழைப் படகுகளை வார்க்கும் முறையிலேயே அவர் தம் வண்டியின் உடலை வார்த்தார். பின்னர் வந்த மாங்ஸ் வண்டிகளிலே அவ்வுடல், ஏறக்குறைய 14 அங்குலம் குறுக்கப்பட்ட வொக்ஸ்வாகன் 'வண்டு' காரின் அடித்தளத்தின்மேல் அமர்த்தப்பட்டது. 1967இல் அவரும் நண்பரொருவரும் மெக்சிக்கோவின் பாகா தீபகற்பத்தை அவ்வண்டியிற் கடந்து, முன்னர் மோட்டார் சைக்கிளில் ஏற்படுத்தப்பட்டிருந்த நேரத்தை ஐந்து மணித்தியாலமளவிற் குறைத்தனர். இதனைக் கேட்போர் அவ்வெஞ்சின் அளவிறந்த வலுவுடையது என்று எண்ணக்கூடும். ஆனால் 1960களின் தொடக்கத்து 1192 கன சென்றிமீற்றர் வொக்ஸ்வாகன் எஞ்சினின் வலு 34 பரிவலுவே. அதன் சிறப்பு வேறிடத்தில் இருந்தது. அது பாரம் குறைந்தது. இழுக்கும் பின்சில்லுகளின் மேலேயே அமர்ந்து அவற்றை மணலில் அழுத்துவது. காற்றினாற் குளிர்வதாகையால் நீர்த்தொட்டி வேண்டாதது. நிமிடத்துக்கு 2000 சுழற்சி என்னும் தாழ்ந்த வேகத்திலேயே தன் முழு முறுக்குவிசையையும் தருவது.

முறுக்குவிசை, வலு என்னும் இரண்டையும் வேறுபடுத்தி உணராதார் எஞ்சின் தெரிவில் இடர்ப்படுவர். ஒரு கணக்கைச் செய்து பார்ப்போம். வண்டியும் அதில் ஏறும் இருவரும் சேர்ந்து 700 கிலோகிராம் என்று கொள்க. அதன் நிறை ஏறக்குறைய 6870 நியூற்றன். தளர்ந்த மணலில் உருளும்போது ஏற்படும் தடை நிறையில் ஐந்திலொரு பங்கு எனக் கொண்டால் அது 1370 நியூற்றன். பத்துப் பாகைச் சரிவில் ஏறுவதற்கு மேலும் 1190 வேண்டும். ஆக, சில்லுகள் மணலை 2560 நியூற்றன் விசையோடு பின்னே தள்ளவேண்டும். சில்லின் ஆரை 0.33 மீற்றராயின் அச்சில் வேண்டிய முறுக்குவிசை ஏறக்குறைய 850 நியூற்றன் மீற்றர்.

வொக்ஸ்வாகன் எஞ்சின் தருவதோ 82 நியூற்றன் மீற்றர். முதலாம் கியரும் இறுதிப் பற்சில்லும் சேர்ந்து அதனை ஏறக்குறைய பதினாறரை மடங்காக்குகின்றன. வழியில் பத்திலொரு பங்கு உராய்விற் கழிந்தாலும் அச்சில் 1200க்கு மேல் கிடைக்கும். வேண்டியது 850, கிடைப்பது 1200. முப்பத்துநான்கு பரிவலு போதுமானது என்பது இதனாற் பெறப்படும். சில்லின் காற்றைக் குறைத்துத் தடத்தை அகலமாக்கினால் மணலின் தடையே குறைந்துவிடும். காசு செலவில்லாமல் எஞ்சினைப் பெரிதாக்கும் வழி இது ஒன்றே என்று விளையாட்டாகக் கூறலாம்.

இனி, நம் ஊரில் எளிதாக அகப்படும் முச்சக்கர வண்டியின் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். 200 கன சென்றிமீற்றர் எஞ்சின் ஒன்றின் முறுக்குவிசை 17 நியூற்றன் மீற்றர் அளவினது. அதனைக் கொண்டு அதே மேட்டை ஏறவேண்டுமாயின் ஏறக்குறைய அறுபது மடங்கு கியர்க் குறைப்பு வேண்டும். அப்பொழுது எஞ்சின் 4000 சுழற்சியில் அலறிக்கொண்டிருக்க, வண்டி மணிக்கு எட்டுக் கிலோமீற்றர் வேகத்திற் செல்லும். பக்கத்தில் ஓடிவரும் சிறுவன் அதனை முந்திவிடுவான். மிக இலேசான, ஒருவர் மட்டும் அமரும் வண்டிக்கு அது பொருந்தலாம். இருவர் ஏறும் வண்டிக்கு ஆகாது. வயல்களில் உழும் லாண்ட்மாஸ்டரின் ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சினையும் சிலர் நினைப்பர். அது அழியாதது, எரிபொருட் சிக்கனமானது, எந்தக் கிராமத்திலும் திருத்தக்கூடியது. ஆயினும் பத்துப் பன்னிரண்டு பரிவலுவுக்காக நூறு கிலோகிராமுக்கு மேற்பட்ட இரும்பைச் சுமக்கவேண்டும். அதன் அதிர்வு ஒட்டுகளைப் பிளக்கவும் கூடும். கலப்பைக்குப் பிறந்ததைக் கலப்பையோடு விடுவதே நன்று.

ஒஸ்ரின், மொறிஸ் கார்களின் எஞ்சின்களைப் பற்றிச் சற்று விரித்துக் கூறல் வேண்டும். ஏனெனில் எரிபொருளுக்கும் எஞ்சினுக்கும் உள்ள உறவைக் குடாநாடு அவற்றின் வாயிலாகவே கற்றுக்கொண்டது. 1990ஆம் ஆண்டு ஜூன் மாதம் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. சிறு போத்தல்களில் விற்கப்பட்ட பெற்றோல் எட்டாத விலைக்கு ஏறியது. அந்நாட்களிலே ஒஸ்ரின் ஏ40, கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போட் முதலிய பழங்கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. காபுரேற்றரில் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். புகையும் மணமும் தெருவை நிறைக்கும். ஆயினும் நோயாளியும் மணமக்களும் போகவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தனர்.

இது மந்திரமன்று. மண்ணெண்ணெய் குளிரில் எளிதில் ஆவியாகாது. ஆகவே முதற் சூட்டைப் பெற்றோல் கொடுக்கவேண்டும். அன்றியும் அது நெருக்கத்தைத் தாங்காது. சிலிண்டருட் புகுந்த கலவையைப் பிஸ்டன் எத்தனை மடங்கு சுருக்குகின்றதோ அதனை நெருக்க விகிதம் என்பர். விகிதம் மிகுந்தால் மண்ணெண்ணெய்க் கலவை பொறியின் தீ பரவி முடியுமுன்னே தானாக வெடித்துப் பிஸ்டனைச் சம்மட்டிபோல் அடிக்கும். ஏ40இன் 1200 கன சென்றிமீற்றர் எஞ்சினின் விகிதம் 7.2 மட்டுமே. பொறி விழும் நேரத்தைச் சற்றுப் பின்தள்ளினால் அது ஒருவாறு பொறுத்துக்கொள்ளும். இங்கிலாந்தில் 1940களின் இறுதியில் வந்த பெர்குசன் உழவு இயந்திரங்களுட் சில, பெற்றோலில் தொடங்கிப் பின் மண்ணெண்ணெயை ஒத்த ஓரெண்ணெய்க்கு மாறுமாறே செய்யப்பட்டவை. அவற்றின் விகிதம் இன்னும் தாழ்ந்தது. ஒன்பதுக்கும் பத்துக்கும் உயர்ந்த விகிதமுடைய பிற்கால யப்பானிய எஞ்சின்கள் இவ்வுபாயத்துக்கு இணங்கமாட்டா. அவ்வாண்டுகளில் புதுமையும் வேகமும் உடையதைவிடப் பழமையும் பொறுமையும் உடையதே பயன்பட்டது.

எனினும் இதிலிருந்து, இன்று செய்யும் வண்டிக்கும் ஒஸ்ரின் எஞ்சினே தக்கது என்று முடிவு கட்டுதல் தவறாகும். மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சின்கள் அதற்கு விலை கொடுத்தன. எரியாத எண்ணெய் பிஸ்டன் வளையங்களைக் கடந்து வழிந்து உராய்வெண்ணெயை நீர்த்துவிட, தாங்கிகள் தேய்ந்தன. அன்றியும் 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்ததோடு அது மலிவான எரிபொருள் என்னும் நிலையும் மாறியது. மேலும் 1489 கன சென்றிமீற்றர் ஒஸ்ரின் எஞ்சின் 110 நியூற்றன் மீற்றர் அளவு முறுக்குவிசை தருமாயினும், வார்ப்பிரும்பாலான அதன் பாரம் வொக்ஸ்வாகனிலும் மிகப் பெரிது. முன்னே அமர்ந்து நீண்ட தண்டினாற் பின்னச்சைச் சுழற்றும் அமைப்பாகையால் அப்பாரம் வேண்டாத இடத்தில் விழுந்து முன்சில்லுகளைப் புதைக்கும். நன்றாயிருக்கும் ஒஸ்ரினையோ வொக்ஸ்வாகனையோ இதற்காக அறுப்பது முறையுமன்று. போரையும் தடையையும் கடந்து எஞ்சிய அவை இனிக் கிடைக்கமாட்டா.

ஆயின் எதனைத் தெரிவது? என் கருத்தில், 1983 முதல் 2014 வரை இந்தியாவிற் செய்யப்பட்டு இலங்கைத் தெருக்களெங்கும் ஓடிய மாருதி 800இன் எஞ்சினே இவ்வேலைக்கு மிக இசைந்தது. அதிலும் மின்னணுக் கட்டுப்பாடு வருமுன்னிருந்த காபுரேற்றர் வகை. மூன்று சிலிண்டர், 796 கன சென்றிமீற்றர், 59 நியூற்றன் மீற்றர் அளவினதான முறுக்குவிசை. வொக்ஸ்வாகனிலும் இது குறைவுதானே என்று மாணவர் கேட்பர். உண்மை, முதலாம் கியரின் மொத்த விகிதத்தைப் பதினைந்தரையாகக் கொண்டு மேற்கூறிய கணக்கைச் செய்தால் அச்சில் கிடைப்பது 820 மட்டுமே, 850 அன்று. ஆனால் இவ்வெஞ்சின் இலேசானது. அதற்கேற்பச் சட்டத்தையும் சிறிதாக்கி, இருவரோடும் மொத்தப் பாரத்தை 550 கிலோகிராமுக்குள் அடக்கினால் வேண்டிய முறுக்குவிசையே 670 ஆகக் குறைந்துவிடுகின்றது. எஞ்சினைப் பெருக்குவதைவிட வண்டியைச் சுருக்குவது எப்பொழுதும் மலிவு.

இவ்வெஞ்சினுக்கு இன்னுமொரு பெருநன்மை உண்டு. ஓர் எஞ்சினை வேறொரு காரின் கியர்ப் பெட்டியோடு பூட்டுவோர், இடையில் இரும்புத் தகடொன்றைக் கடைந்து பொருத்தவேண்டும். எஞ்சினின் சுழல்தண்டும் பெட்டியின் உள்தண்டும் ஒரே நேர்கோட்டில் மயிரிழையும் பிசகாமல் நிற்கவேண்டும்; பிசகினால் கிளச்சும் தாங்கிகளும் சில நாட்களிலேயே அழியும். நல்ல கடைசல் பட்டறையன்றி இது இயலாது. மாருதி முன்சில்லுகளால் இழுக்கப்படும் கார். எஞ்சினும் கியர்ப் பெட்டியும் இறுதிப் பற்சில்லும் ஒரே கட்டாக உள்ளன. அக்கட்டைப் பிரிக்காமல் அப்படியே எடுத்து இருக்கைகளுக்குப் பின்னே வைத்தால் இணைப்புத் தகடும் வேண்டாம், நீண்ட தண்டும் வேண்டாம். பாரமும் பின்சில்லுகளின்மேல் விழுகின்றது. முன்னே சுக்கானால் திரும்பிய சில்லுகள் பின்னே திரும்பாதவாறு அவற்றை உறுதியான தண்டுகளாற் பிணைத்துவிட வேண்டும். கட்டு முன்பு எத்திசையை நோக்கியிருந்ததோ பின்னும் அத்திசையையே நோக்கியிருத்தல் வேண்டும். இடவசதி கருதி அதனைத் திருப்பி வைப்பவர், முன்னே செல்ல ஒரு கியரும் பின்னே செல்ல நான்கு கியர்களும் உடைய அபூர்வ வண்டியைப் பெறுவர்.

நீராற் குளிரும் எஞ்சினைப் பின்னே வைக்கும்போது றேடியேற்றருக்குக் காற்று எட்டாது. அதனை முன்னே வைத்து நீண்ட குழாய்களால் இணைக்கலாம். அல்லது இருக்கைகளுக்கு மேலே சாய்த்து மின்விசிறி பூட்டலாம். மணலில் வண்டி மெதுவாகவும் எஞ்சின் விரைவாகவும் ஓடுவதால் விசிறி இன்றியமையாதது. எஞ்சின் இலக்கம் வாகனப் பதிவுப் புத்தகத்திற் பொறிக்கப்படுவது என்பதையும், தானே செய்த வண்டியை 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின்படி பதிவின்றித் தெருவில் ஓட்டலாகாது என்பதையும் தொடங்குமுன்னே மனத்திற் கொள்க. வடமராட்சிக் கரையில் மணலைப் பிடித்துவைத்திருக்கும் அடம்பன் கொடிப் படர்ந்த குன்றுகளின்மேல் ஏறாது, வெறுமணலிலேயே ஓட்டுக.

இறுதியாகக் காற்று வடிகட்டியைப் பற்றி ஒன்று. மணற்காட்டின் மணல் நுண்ணியது; சிலிண்டருட் புகுந்தால் அரத்தாள்போல் வளையங்களை அராவிவிடும். காரில் இருந்தபடியே வடிகட்டியைப் பின்சில்லின் அருகே தாழ விடாமல், தடித்த றப்பர்க் குழாயொன்றினால் ஓட்டுநரின் தோளுயரத்துக்கு ஏற்றி, வாயை முன்னோக்கி வைத்து, அதன்மேல் எண்ணெய் தோய்ந்த பஞ்சுறையொன்றைப் போர்த்துக. ஒவ்வொரு நாள் ஓட்டம் முடிந்ததும் அவ்வுறையைக் கழற்றிக் கழுவவேண்டும்.