துறைமுகம் அருகில், தொழில் தூரத்தில்?

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறுகள் வெளியாகும் போதெல்லாம் எமது பங்குகளில் ஒரே கேள்வியைக் கேட்கின்றோம். "பிள்ளை கணக்கில் தவறிவிட்டான் சுவாமி, இனி என்ன செய்வது?" மறுபடி பரீட்சை எழுதச் சொல்வார்கள். அதுவும் சரிவராவிட்டால் தகப்பனோடு கடலுக்குப் போவது, லொறிக்கு உதவியாளாகப் போவது, வெளிநாட்டு முகவரிடம் கடவுச்சீட்டைக் கொடுப்பது என்று வழிகள் குறுகிவிடுகின்றன. தொழிற்பயிற்சி என்று நாம் சொன்னால் தாயின் முகம் வாடுகின்றது. "படியாத பிள்ளைகள் போகும் இடம்" என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கின்றது.

உயர்தரத்தில் தகுதி பெறுவோரிலும் ஒரு பகுதியினருக்கே பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கின்றது. ஏனைய பிள்ளைகளின் எதிர்காலத்தை அதிர்ஷ்டத்திடம் ஒப்படைக்க முடியாது. ஆகவே தொழிற்கல்வியைப் பற்றிப் பெற்றோர் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டியது அவசியமாகின்றது.

துறைமுகம் தரும் பாடம்

பிரித்தானியக் கடற்படையின் தளம் 1957 ஒக்டோபர் 15ஆம் நாள் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. அதுவரை கடற்படைத் தளத்தை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் எமது நகரில் அநேகம். தளம் போனதும் அதைச் சார்ந்த வேலைகளும் போயின. பின்னர் 1980ஆம் ஆண்டளவில் சீனக்குடாவில் பிறீமா மாவாலை இயங்கத் தொடங்கியது. 1984இல் ரோக்கியோ சீமெந்து ஆலை வந்தது. 2022 ஜனவரியில் சீனக்குடாவின் 99 எண்ணெய்த் தாங்கிகள் பற்றி ஒப்பந்தங்கள் கைச்சாத்தாகின. அவற்றில் 61 தாங்கிகள் ஒரு கூட்டு நிறுவனத்துக்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 14 லங்கா ஐ.ஓ.சி.க்கும் என வகுக்கப்பட்டன.

இத்தகைய இடங்களுக்கு வெல்டிங் செய்பவர், மின்னிணைப்பாளர், குழாய் பொருத்துபவர், இயந்திரம் திருத்துபவர் தேவை. ஆனால் ஆலையின் வாசலுக்கு அருகில் குடியிருப்பது ஒரு தகைமை ஆகாது. கப்பல்துறையிலோ மூதூரிலோ பிறந்த பிள்ளையிடம் அத்தாட்சி இல்லையென்றால், அந்த வேலைக்கு வெளியூரிலிருந்து ஆள் வருவார்; எமது பிள்ளை மூட்டை சுமப்பான். 1957 சொல்லும் இன்னொரு பாடமும் உண்டு. ஒரே முதலாளியை நம்பிக் கற்ற வேலை அவரோடு போய்விடக்கூடும். எங்கும் செல்லுபடியாகும் தொழிலே பிள்ளைக்குச் சொத்து.

ஏழு படிகள்

அந்தச் செல்லுபடியைத் தருவது தேசிய தொழில் தகைமை. மக்கள் இதை என்.வி.கியூ. என்று அழைப்பார்கள். இதில் ஏழு மட்டங்கள் உள்ளன. முதலாம் மட்டம் தொடக்க நிலை. நான்காம் மட்டத்தை எட்டியவர் பிறர் மேற்பார்வையின்றித் தாமாக வேலை செய்யக்கூடிய தொழிலாளி. ஐந்தும் ஆறும் டிப்ளோமா நிலைகள். ஏழாம் மட்டம் பட்டத்துக்குச் சமம். தொழிற்கல்விக்கெனவே 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இரத்மலானையில் ஒரு பல்கலைக்கழகமும் உண்டு. எனவே தொழிற்பயிற்சிக்குப் போகும் பிள்ளைக்குப் படிப்பின் கதவு அடைபட்டுவிட்டது என்று எண்ணுவது தவறு.

எமது மாவட்டத்தில் அரச தொழில்நுட்பக் கல்லூரி, தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்கள், சமுத்திரப் பல்கலைக்கழகத்தின் பிராந்திய நிலையம் ஆகியன இயங்குகின்றன. தனியாரும் தொண்டு நிறுவனங்களும் நடத்தும் வகுப்புகளும் உள்ளன.

சேர்க்கு முன் கேளுங்கள்

எல்லாப் பயிற்சியும் ஒரே தரமானதல்ல. பணம் கட்டுமுன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

முதலாவது, நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்யப்பட்டதா? இந்த ஆணைக்குழு 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தது.

இரண்டாவது, பிள்ளை படிக்கப்போகும் பாடநெறிக்கு அங்கீகாரம் உண்டா, எந்த மட்டத்தில்? நிறுவனம் பதிவு செய்யப்பட்டிருப்பது வேறு, பாடநெறி அங்கீகாரம் பெற்றிருப்பது வேறு. பெயர்ப்பலகையைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

மூன்றாவது, பட்டறையில் எத்தனை மணித்தியாலம்? கரும்பலகையில் வரைந்து வெல்டிங் பழக முடியாது. பட்டறைக்குள் போய்ப் பாருங்கள்: எத்தனை இயந்திரங்கள் உண்மையில் ஓடுகின்றன, ஓர் இயந்திரத்துக்கு எத்தனை பிள்ளைகள்?

நான்காவது, வகுப்பு முடிந்ததும் வேலைத்தளப் பயிற்சிக்கு யார் ஒழுங்கு செய்வார்?

பெண் பிள்ளைகளுக்கும் இதே கேள்விகள் பொருந்தும். தையலும் கேக் அலங்காரமும் நல்ல தொழில்களே. ஆயினும் மின்னியல், கணினி, படவரைஞர் வேலை போன்றவற்றையும் அவர்கள் முன் வைக்க வேண்டும்.

கையில் தொழில், கடதாசி இல்லை

2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் எமது கரையோரங்களில் வீடு கட்டும் வேலை பெருகியது. மேசன் வேலையும் தச்சு வேலையும் அப்போது கைப்பழக்கமாகக் கற்றவர்கள் பலர். கராச்சுகளில் பையன்களாகச் சேர்ந்து இன்று மெக்கானிக்குகளாக இருப்பவர்களும் உண்டு. இவர்கள் மறுபடி வகுப்பில் குந்தியிருக்கத் தேவையில்லை. முன்கற்றலை அங்கீகரிக்கும் முறை இவர்களுக்காகவே இருக்கின்றது. செய்த வேலைக்கான சான்றுகளைக் காட்டி, மதிப்பீட்டாளர் முன்னிலையில் வேலையைச் செய்து காட்டினால் என்.வி.கியூ. சான்றிதழ் பெறலாம். தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையின் அலுவலகத்தில் விசாரியுங்கள். வெளிநாடு போக நினைப்பவர்கள் விமானம் ஏறுமுன் இதைச் செய்வது நல்லது. சாதாரண கூலியாள் என்று போவதற்கும், தேர்ச்சி பெற்ற தொழிலாளி என்று போவதற்கும் சம்பளத்தில் வேறுபாடு உண்டு.

எமது கடமை

தச்சனின் பட்டறையில் வளர்ந்தவரை வணங்கும் நாம் கைத்தொழிலை இழிவாகப் பார்க்க முடியாது. புனித தொன் போஸ்கோ தூரின் நகரில் 1852ஆம் ஆண்டிலேயே ஒரு தச்சுப் பயிலுனனுக்காக முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதினார். தொழிலுக்குப் புறம்பான எடுபிடி வேலை கொடுக்கக் கூடாது, பிழை செய்தால் அடிக்காமல் சொல்லால் திருத்த வேண்டும் என்று அதில் எஜமானைக் கட்டுப்படுத்தினார். இன்று பிள்ளையைக் கராச்சில் விடும் பெற்றோரும் இதையே கேட்கலாம்.

திருகோணமலைப் புனித சூசையப்பர் கல்லூரியில் கூடைப்பந்தாட்டம் பழக்கிய யேசு சபைக் குரு யூஜின் ஹேபர்ட் அடிகளாரை மூத்தவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். அவர் மட்டக்களப்பில் கிழக்குத் தொழில்நுட்ப நிறுவனத்தின் பணிப்பாளராக இருந்த காலத்தில், 1990 ஓகஸ்ட் 15ஆம் நாள், வாழைச்சேனையிலிருந்து திரும்பும் வழியில் உடன் சென்ற இளைஞருடன் காணாமற் போனார். இளைஞருக்குத் தொழில் கற்பிப்பதும் குருத்துவப் பணியே என்று வாழ்ந்தவர் அவர்.

வெருகலிலிருந்தோ ஈச்சிலம்பற்றிலிருந்தோ நாளாந்தம் நகரத்துக்கு வந்து படிப்பது ஏழைப் பிள்ளைக்கு எளிதல்ல. பஸ் காசு இல்லாமல் இரண்டாம் மாதத்தில் நின்றுவிடும் பிள்ளைக்குப் புத்திமதி சொல்லிப் பயனில்லை. ஆகவே பங்குச் சபைகளும் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் மூன்று காரியங்களைச் செய்யட்டும். பாடசாலையை விட்ட பிள்ளைகளின் பட்டியலை எடுங்கள். பெற்றோரை ஒன்றாகக் கூட்டிச் சென்று பட்டறைகளைக் காட்டுங்கள். பயிற்சி முடியும் வரை ஒரு பிள்ளையின் போக்குவரத்துச் செலவையாவது சங்கம் ஏற்கட்டும். திருவிழாவுக்குச் சேர்க்கும் பணத்தில் ஒரு பங்கு இதற்குப் போனால் பாதுகாவலர் கோபிக்க மாட்டார்.