கழற்றிவிட்டுப் பிடுங்குங்கள்!

ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலைக்கு இன்-பிளான்ட் டிரெயினிங் போயிருந்தேன். (தொழிற்சாலையின் பெயர் வேண்டாம், போனது என் மானம்தான்.) சிஎன்சி லேத்துக்கான புரோகிராமை ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து பென் டிரைவில் ஏற்றி மெஷினுக்குக் கொண்டுபோவது என் வேலை. கம்ப்யூட்டரில் இருந்தது லினக்ஸ். பென் டிரைவை மவுண்ட் செய்து, ‘எம்வி’ கட்டளை கொடுத்தேன். ஒரே நொடியில் டாலர் குறி திரும்பி வந்தது. வேலை முடிந்ததென்று அப்படியே பிடுங்கிக்கொண்டு ஓடினேன்.

மெஷினில் செருகினால் ஃபைலே இல்லை. “என்னப்பா, காலி டப்பாவக் கொண்டாந்திருக்க?” என்றார் ஆபரேட்டர் அண்ணன். மூச்சிரைக்கத் திரும்பி ஓடி வந்து கம்ப்யூட்டரில் தேடினேன். அங்கேயும் காணோம்!

ஃபைல் எங்கே போச்சு?

விண்டோஸில் சி டிரைவ், டி டிரைவ் என்று தனித்தனி வீடுகள். யூனிக்ஸில் ஒரே மரம்தான், அதன் வேர் ‘ரூட்’. புது டிஸ்க் வந்தால் அந்த மரத்தில் ஒரு கிளையாக அதைச் சேர்க்க வேண்டும். நம்ம கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டுகிறார்களே, கிட்டத்தட்ட அதுதான் மவுண்ட். ஒட்டுகிற இடம் ஒரு டைரக்டரி. அதில் ஏற்கெனவே ஃபைல்கள் இருந்தால் மவுண்ட் செய்ததும் அவை மறைந்துவிடும். பயப்பட வேண்டாம், கழற்றினால் மறுபடி தெரியும். லேபில் இதற்காக அழுத தங்கை ஒருத்தி உண்டு.

டிஸ்க் பேக்கைக் கையால் தூக்கி டிரைவில் மாட்டிய காலத்துச் சொல் இது. ரிச்சியும் தாம்சனும் 1974-ல் யூனிக்ஸ் பற்றி எழுதிய கட்டுரையிலேயே மவுண்ட் வருகிறது. ஒரு ஃபைல் சிஸ்டத்திலிருந்து இன்னொன்றுக்கு லிங்க் போட முடியாது என்ற விதியும் அதிலேயே இருக்கிறது. என்னைக் கவிழ்த்ததில் இந்த விதிக்குப் பாதிப் பங்கு. ஒரே டிஸ்க்குக்குள் ‘எம்வி’ கொடுத்தால் பெயர் மட்டும் இடம் மாறும். வேறு டிஸ்க்குக்குக் கொடுத்தாலோ முதலில் காப்பி, பிறகு மூலத்தை அழித்தல். அதனால்தான் கம்ப்யூட்டரிலும் இல்லை.

மீதிப் பங்கு மெமரிக்கு. எழுதச் சொன்னதும் லினக்ஸ் உடனே டிஸ்க்குக்கு ஓடாது. டேட்டாவை மெமரியில் வைத்துக்கொண்டு ‘முடிஞ்சுது’ என்று நம்மிடம் சொல்லிவிடும். பிறகு சாவகாசமாக எழுதும். சாதாரண செட்டிங்கில் சுமார் 30 விநாடி வரைகூடக் காத்திருக்கும். டிஸ்க் மெதுவானது, மெமரி வேகமானது, ஆகவே இந்த ஏற்பாட்டைக் குறை சொல்ல முடியாது. நான் பிடுங்கியபோது புரோகிராம் முழுவதும் மெமரியில்தான் இருந்தது.

‘யுமவுண்ட்’ கொடுத்திருந்தால், மிச்சத்தையெல்லாம் எழுதி முடித்த பிறகே டாலர் குறி வந்திருக்கும். (அன்மவுண்ட் இல்லை, யுமவுண்ட்! நடுவில் வரவேண்டிய ‘என்’ எழுத்தை ஏனோ விட்டுவிட்டார்கள்.) பெரிய ஃபைல் என்றால் ஒரு நிமிஷம்கூட அசையாமல் நிற்கும். ‘ஹேங்க் ஆயிடுச்சு’ என்று பிடுங்கிவிடாதீர்கள், அப்போதுதான் உண்மையான வேலை நடக்கிறது. கழற்றாமல் எழுத மட்டும் வைக்க ‘சிங்க்’ என்ற கட்டளை போதும்.

சில சமயம் ‘டார்கெட் இஸ் பிஸி’ என்று மறுக்கும். பத்துக்கு எட்டு தடவை காரணம் நாமேதான். அந்த டைரக்டரிக்குள் ‘சிடி’ போட்டு உட்கார்ந்துகொண்டே அதைக் கழற்றப் பார்ப்போம். கிளையில் உட்கார்ந்து அடியை வெட்டிய கதை! வெறும் ‘சிடி’ அடித்து வெளியே வாருங்கள். அப்படியும் மறுத்தால் ‘ஃபியூசர்’ கட்டளையை ‘-எம்’ சேர்த்துக் கொடுங்கள், யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்பரோடு காட்டும். ‘-எல்’ போட்டுச் சோம்பேறித்தனமாகக் கழற்றவும் வழி உண்டு. மரத்திலிருந்து பெயர் உடனே போய்விடும், ஆனால் எழுதும் வேலை பின்னால் தொடரலாம். பென் டிரைவுக்கு அது வேண்டவே வேண்டாம்.

2011-ல் தொடங்கிய அரசு லேப்டாப் திட்டத்தில் வந்த மெஷின்களில் சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் இருந்தது. அதை ஒருநாள்கூடத் திறக்காத சீனியர் அண்ணன்களை எனக்குத் தெரியும். வீட்டில் கிடந்தால் தூசி தட்டி, ஒரு பழைய பென் டிரைவை வைத்து இதையெல்லாம் செய்து பாருங்கள்.

என் புரோகிராம் என்ன ஆனது என்கிறீர்களா? நல்லவேளை, சூப்பர்வைசர் சாரின் மேஜையில் பிரின்ட் அவுட் இருந்தது. பக்கத்தில் அவர் நிற்க, ஒவ்வொரு ஜி கோடாகத் திரும்ப அடித்தேன். முடிக்கும்போது ஷிப்ட் பஸ் போய்விட்டது.