கடற்காற்றும் கரைப் பிரமுகர்களும்

அமெரிக்காவின் வடகிழக்கில், மாசசூசெட்ஸ் மாகாணத்திலிருந்து மடக்கிய கைபோல அட்லாண்டிக் சமுத்திரத்துக்குள் நீண்டு கிடக்கும் கேப் காட் தீபகற்பத்துக்கும், அதற்குத் தெற்கே உள்ள நான்டக்கெட், மார்த்தாஸ் வினியார்டு என்னும் தீவுகளுக்கும் இடைப்பட்ட கடற்பரப்புக்கு நான்டக்கெட் சவுண்டு என்று பெயர். அதன் நடுவே ஹார்ஸ்ஷூ என்ற மணல்திட்டு இருக்கிறது. அங்கே ஆழம் குறைவு; அலையின் வேகம் அடக்கம்; காற்றுக்கோ பஞ்சமில்லை. கடலடியில் தூண் நட்டுக் காற்றாலை நிறுத்துவதற்கு இது வெகு தோதான இடம் என்று கண்ட ஜிம் கார்டன் என்ற மின் உற்பத்தித் தொழிலதிபர், 2001-ஆம் ஆண்டில் ‘கேப் விண்டு’ திட்டத்தை முன்வைத்தார். இறுதியில் உருப்பெற்றபடி அதில் 130 காற்றாலைகள். மொத்தத் திறன் 468 மெகாவாட். கேப் காட்டும் தீவுகளும் செலவிடும் மின்சாரத்தில் முக்கால் பங்கை அவை சராசரியாகத் தரும் என்று மதிப்பிட்டார்கள். டென்மார்க்கில் 1991-லேயே கடலுக்குள் 11 காற்றாலைகள் சுழலத் தொடங்கிவிட்டன. ஆகவே இது பரீட்சித்துப் பாராத வித்தையுமன்று. ஆயினும் பதினாறு ஆண்டுகள் கழித்து, 2017 டிசம்பரில், ஒரு தூண்கூட நடப்படாத நிலையில் அவருடைய நிறுவனம் தன் கடற்குத்தகையைத் துறந்தது.

பொதுச்சொத்தான கடலைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது யார், எந்தச் சட்டத்தின்படி, எத்தனை காலத்துக்குள் என்பவை முன்கூட்டித் தெளிவாக வகுக்கப்படாவிட்டால், நியாயமுள்ள ஆட்சேபணையும் நியாயமற்ற ஆட்சேபணையும் பிரித்தறிய முடியாதபடி கலந்துபோய், செல்வாக்குள்ளவர் கையில் காலதாமதமே ஆயுதமாகிவிடும் என்பதற்கு இந்த விவகாரத்தைக் காட்டிலும் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. கரையிலிருந்து 3 மைல் வரையுள்ள கடல் மாகாணத்தைச் சேர்ந்தது; அதற்கு அப்பால் மத்திய சர்க்காரைச் சேர்ந்தது. ஹார்ஸ்ஷூத் திட்டு மத்திய சர்க்காரின் எல்லைக்குள் இருந்தது. கடலடியில் எண்ணெய் எடுக்கச் சட்டம் இருந்தது; காற்றைப் பிடிக்கச் சட்டம் இல்லை. ஆகவே ஆறுகளையும் துறைமுகங்களையும் பற்றிய 1899-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், ராணுவத்தின் பொறியியல் பிரிவு விசாரணையைத் தொடங்கிற்று. பொதுமக்களின் கடலைத் தனியார் ஒருவர் ஏலமோ வாடகையோ இன்றி எடுத்துக்கொள்ளலாமா என்று எதிர்ப்பாளர்கள் கேட்டது முற்றிலும் நியாயமான கேள்வி. 2005-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் எரிசக்திச் சட்டம் இயற்றி, நிலத்தையும் கனிவளத்தையும் பரிபாலிக்கும் உள்நாட்டு இலாகாவிடம் பொறுப்பை ஒப்படைத்த பிறகே அதற்கு விடை கிடைத்தது. ஆனால் விசாரணையை மறுபடியும் நடத்த வேண்டியதாயிற்று.

எதிர்ப்பில் உரத்து ஒலித்தது கடற்காட்சி கெடும் என்ற வாதம். கேப் காட்டின் தென்கரை செல்வந்தர்களின் கோடைவாசஸ்தலம். ஹையானிஸ் போர்ட்டில் கென்னடி குடும்பத்தின் வீடுகள் இருக்கின்றன. சிறகு உச்சிக்கு ஏறும்போது காற்றாலையின் உயரம் 440 அடி. மிக அருகான கரையிலிருந்து தூரம் சுமார் 5 மைல். கணக்கிட்டுப் பார்த்தால், கரையில் நிற்பவர் கையை நீட்டிச் சுண்டுவிரலைக் குறுக்கே பிடித்தால் போதும், ஒரு காற்றாலை முழுவதும் அந்த விரலின் அகலத்துக்குள் மறைந்துவிடும். அப்படி 130 தொடுவானத்தில் நிற்கும், இரவில் விளக்கெரியும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் 2003 ஏப்ரலில், சாண்டுவிச் ஊரின் மின்நிலையத்துக்கு எண்ணெய் கொண்டுசென்ற படகு பக்கத்து பஸர்ட்ஸ் விரிகுடாவில் தரைதட்டி, 98,000 காலன் வரை எண்ணெயைக் கொட்டியதையும், பறவைகள் மடிந்ததையும், சிப்பிப் படுகைகள் மூடப்பட்டதையும் அதே தராசில் வைத்துப் பார்க்க வேண்டாமா?

அரசியலில் எதிரெதிரே நின்றவர்கள் இதில் ஒன்றுகூடினார்கள். ஜனநாயகக் கட்சியின் மூத்த செனட்டர் எட்வர்ட் கென்னடி எதிர்த்தார். குடியரசுக் கட்சியின் கவர்னர் மிட் ராம்னியும் எதிர்த்தார். நிலக்கரி, பெட்ரோலியக் கரி வாணிகத்தில் கோடீசுவரரான பில் கோக், எதிர்ப்புச் சங்கத்துக்குப் பணமும் தலைமையும் அளித்தார். தொலைக்காட்சிச் செய்தியாளர் வால்டர் குரான்கைட் முதலில் எதிர்ப்பு விளம்பரத்தில் தோன்றி, பிறகு 2003-இல் தம் எதிர்ப்பைப் பகிரங்கமாக விலக்கிக்கொண்டார். அவ்வளவு புகழ்பெற்ற ஒருவர் அப்படிச் செய்தது என் மதிப்பில் பெரிய காரியம். 2006-இல், கடலோரக் காவற்படைக்கான மசோதாவில், மாசசூசெட்ஸ் கவர்னரே இத்திட்டத்தைத் தடுத்துவிட இடந்தரும் ஷரத்து ஒன்று, அலாஸ்காவின் செனட்டர் டெட் ஸ்டீவன்ஸின் முயற்சியால் நுழைக்கப்பட்டது. விஷயம் வெளிவந்து கண்டனம் எழுந்த பின்னரே அது கைவிடப்பட்டது. திறந்த சபையில் வாதாடித் தோற்கடிக்க வேண்டியதை மசோதாவின் மூலையில் ஒளித்துவைத்து முடிக்கப் பார்த்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இத்தனை ஆரவாரத்தில், உண்மையில் இழக்கக்கூடியவர்களின் குரல் அமுங்கிப்போயிற்று. தூண்களுக்கிடையே இழுவலை இழுப்பது எப்படி என்று மீனவர்கள் கேட்டார்கள். வாம்பனோக் என்ற பூர்வகுடியினர் முறையிட்டது அதனினும் ஆழமானது: கிழக்கே மறைப்பில்லாத சூரியோதயத்தை நோக்கிச் செய்யும் சடங்குகள் தங்களுக்கு உண்டு, பனியுகம் முடிந்து கடல் ஏறுமுன் அந்தத் திட்டு தரையாக இருந்தபோது அங்கே தங்கள் பிதிர்கள் வாழ்ந்து மடிந்திருப்பார்கள் என்றார்கள். 2010 ஜனவரியில் தேசியப் பூங்கா நிர்வாகம் அந்தக் கடல் முழுவதையுமே சரித்திரச் சின்னங்களின் பட்டியலில் சேரத் தகுந்தது என்று முடிவு சொல்லிற்று. உள்நாட்டு இலாகாவின் செயலாளர் கென் சலசார் நேரில் சென்று அவர்களைக் கண்டார். ஏப்ரல் 28-ஆம் தேதி அனுமதியும் அளித்தார். காட்சி உறுத்தாதிருக்க வர்ணத்தை மாற்றச் சொன்ன அந்த உத்தரவு, பூர்வகுடியினர் கேட்ட சூரியோதயத்தை அவர்களுக்குத் திருப்பித் தரவில்லை. ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் வந்த அந்தத் தீர்ப்பில் எனக்கு மனவருத்தம் தருவது இதுவே. முதலாண்டிலேயே அவர்களை அழைத்துக் கேட்டிருந்தால் இடத்தை மாற்றுவதற்கேனும் அவகாசம் இருந்திருக்கும்.

அனுமதிக்குப் பின்னும் வழக்குகள் ஓயவில்லை. பெரும்பாலானவற்றில் நிறுவனமே வென்றது. ஆனால் வழக்கு நடக்கும் காலத்தில் கடன் கொடுப்பவர் தயங்குவார். தாமதப்படுத்துவதே தம் உபாயம் என்பதை கோக் 2013-இல் ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொண்டார். விலையும் பாதகமாயிற்று: யூனிட்டுக்கு 18.7 சென்ட், ஆண்டுதோறும் 3.5 சதவீத உயர்வு என்பது மின் விநியோக நிறுவனம் ஒன்றுடன் செய்த ஒப்பந்தம். அதே காலத்தில் இயற்கை எரிவாயு மலிந்துவிட்டது. 2014 முடிவதற்குள் கடன் ஏற்பாடு நிறைவேறாததால், 2015 ஜனவரியில், மின்சாரம் வாங்க ஒப்பந்தம் செய்திருந்த இரண்டு விநியோக நிறுவனங்களும் தத்தம் ஒப்பந்தத்தை ரத்து செய்தன.

அந்நாட்டின் முதல் கடற்காற்றாலைகள், ஐந்தே ஐந்து, 2016-இல் பக்கத்து ரோடு ஐலண்டு மாகாணத்தில் சுழன்றன. பின்னர் மார்த்தாஸ் வினியார்டுக்குத் தெற்கே 15 மைல் அப்பால், ஏலத்தில் விட்ட கடற்பகுதியில், 62 காற்றாலைகள் கொண்ட ‘வினியார்டு விண்டு’ எழத் தொடங்கி, 2024 ஜனவரியில் முதல் மின்சாரத்தைத் தந்தது. அதே ஆண்டு ஜூலையில் அதன் சிறகு ஒன்று முறிந்து, கண்ணாடியிழைத் துண்டுகள் நான்டக்கெட்டின் கரையில் ஒதுங்கின. கோடைக்காலத்தின் நடுவே நீராடும் துறைகளை மூட நேர்ந்தது. நகரசபை நஷ்டஈடு கேட்டது. சிறகைச் செய்த நிறுவனம் ஓராண்டுக்குள் 1 கோடியே 5 லட்சம் டாலர் தருவதற்கு உடன்பட்டது.