பூட்டிய பீரோவில் புத்தகம் எதுக்கு? பள்ளி நூலகம் வளர்ந்த கதை

"புள்ளைங்க கிழிச்சிட்டா யார் பதில் சொல்றது?" பல பள்ளிக்கூடங்களில் நூலக பீரோவைப் பூட்டியே வைத்ததற்கு இந்தப் பயம்தான் காரணம்.

ஆனால் சீர்காழிக்காரரான நூலக மேதை எஸ்.ஆர்.ரங்கநாதன் அன்றே வழி சொல்லிவிட்டார். 1924-ல் சென்னை பல்கலைக்கழக நூலகரான இவர், 1931-ல் வெளியிட்ட 5 நூலக விதிகளில் முதல் விதியே, 'புத்தகம் பயன்படுத்தத்தான்' என்பது.

பீரோ இருந்தும், எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு ஏற்ற புத்தகம் அதில் குறைவு. அதற்காக 2023-ல் தமிழக அரசு தொடங்கியதுதான் வாசிப்பு இயக்கம். சின்னச் சின்ன கதைப் புத்தகங்கள்; நுழை, நட, ஓடு, பற என 4 படிகள்.

கூலி வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளைக்கு கதைப் புத்தகம் கிடைக்கிற இடம் பள்ளிக்கூடம்தான். கிழிந்த புத்தகத்தை ஒட்டிக்கலாம். படிக்காமல் போன வயசு திரும்பி வராது!