மறப்பதற்கு முன்னே கேளுங்கள்!
1,330 குறளும் மனத்தில் நிற்க ஒரு வழி

திருவான்மியூரில் ஒரு வீடு. மாலை ஏழு மணி. பள்ளிக்கூடத்துச் சிறுமி ஒருத்தி திருக்குறள் ஒப்பிக்கிறாள் என்று வைத்துக்கொள்ளலாம். கடவுள் வாழ்த்திலே தொடங்கி மடமடவென்று சொல்கிறாள். பாட்டிக்குப் பெருமை தாங்கவில்லை.

"சரி கண்ணு, 54-வது அதிகாரம் எது? சொல்லு பார்க்கலாம்!" என்கிறாள் பாட்டி.

சிறுமி விழிக்கிறாள். விரல் விட்டு எண்ணுகிறாள். பதில் வரவில்லை.

அந்த அதிகாரத்தின் பெயர் என்ன தெரியுமா? பொச்சாவாமை. அதாவது, மறவாமை!

வரிசை போதாது

இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம் அல்ல. 1,330 குறளையும் ஒப்பிக்கும் மாணவ மாணவியருக்குத் தமிழ் வளர்ச்சித் துறை பரிசு கொடுக்கிறது. அங்கே வரிசையாகச் சொன்னால் மட்டும் போதாது. அதிகாரத்தின் எண்ணையோ பெயரையோ, குறளின் எண்ணையோ சொல்லிக் கேட்பார்கள். அதற்குரிய குறளைச் சொல்ல வேண்டும்.

வரிசையாகப் படித்தவருக்கு ஒரு குறள் அடுத்த குறளை இழுத்து வரும். நடுவிலே கேட்டால் சங்கிலி அறுந்துவிடும். பல மாத உழைப்பு ஒரு கேள்வியில் தடுமாறும்.

சீட்டு முறை

இதற்குச் சீட்டுகள் உதவும். முன்பக்கம் குறளின் எண், பின்பக்கம் குறள். சீட்டுகளைக் கலைத்துவிட்டு, ஒவ்வொன்றாக எடுத்து, விடையை நினைவுக்குக் கொண்டுவர வேண்டும். பிறகுதான் திருப்பிப் பார்க்க வேண்டும்.

ஆனால் 1,330 சீட்டையும் தினந்தோறும் பார்க்க முடியுமா? முடியாது. பார்க்கவும் வேண்டாம்.

ஜெர்மனி நாட்டு அறிஞர் எபிங்காஸ், பொருளில்லாத அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, மறதியை அளந்து பார்த்தார். 1885-ல் முடிவுகளை வெளியிட்டார். படித்தது முதலில் வேகமாக மறக்கிறது. பிறகு மெதுவாக மறக்கிறது. ஒரே நாளில் உருப்போடுவதைவிடப் பல நாட்களில் பிரித்துப் படிப்பது மேல். இவையே அவர் கண்ட உண்மைகள்.

ஆகவே, மறக்கப்போகும் தறுவாயில் ஒரு சீட்டைக் கேட்டால் போதும். சரியாகச் சொன்னால் அது சில நாள் கழித்து வரும். அடுத்து இரண்டு வாரம், பிறகு ஒரு மாதம் என்று இடைவெளி நீளும். தவறினால் மறுநாளே வரும்.

கணக்குப் பிள்ளை

எந்தச் சீட்டு என்றைக்கு வரவேண்டும் என்ற கணக்கைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். போலந்து நாட்டு வோஸ்னியாக் 1987-ல் இதற்கு ஒரு கணக்கு முறை வகுத்தார். 2006-ல் 'அங்கி' என்னும் மென்பொருள் வந்தது. மனப்பாடம் என்பதற்கான ஜப்பானியச் சொல் அது. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் இலவசமாகவே கிடைக்கிறது. திருவான்மியூரில் பறக்கும் ரயில் ஏறி, கோட்டூர்புரம் நூலகத்துக்குப் போவதற்குள் பத்துச் சீட்டாவது பார்த்துவிடலாம்.

கைப்பேசி இல்லையா? கவலை வேண்டாம். ஜெர்மனியின் லைட்னர் 1972-ல் பெட்டி முறையை எழுதி வைத்தார். ஐந்து அட்டைப் பெட்டி போதும். முதல் பெட்டியைத் தினமும் பாருங்கள். இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒரு முறை, மூன்றாவதை வாரம் ஒரு முறை, நாலாவதைப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை, ஐந்தாவதை மாதம் ஒரு முறை பாருங்கள். சரியாகச் சொன்ன சீட்டு அடுத்த பெட்டிக்குப் போகும். தவறிய சீட்டு முதல் பெட்டிக்கே திரும்பும்.

பேராசை கூடாது

முதல் நாளே நூறு சீட்டு சேர்ப்பவர் பத்தாம் நாள் கைவிடுவார். பழைய சீட்டுகள் திரும்பி வந்து மலைபோல் குவிந்துவிடும். நாளைக்கு ஐந்து புதுக்குறள் போதும். 266 நாளில் 1,330 முடிந்துவிடும். ஒன்பது மாதம்கூட ஆகாது!

இன்னொன்று: பொருள் புரிந்த பிறகே சீட்டு எழுத வேண்டும். புரியாததைச் சீட்டு புரியவைக்காது. மறந்ததை "தெரியும்" என்று சொல்லித் தன்னையே ஏமாற்றிக்கொள்ளவும் கூடாது.

கேள்வி கேட்கப் பாட்டிக்குப் படிப்பு வேண்டாம். பொறுமை இருந்தால் போதும். இரவுச் சாப்பாட்டுக்கு முன் பத்து நிமிஷம், சீட்டைப் பேத்தியிடம் நீட்டட்டும். 54-வது அதிகாரம் அப்புறம் மறக்குமா?