பிளாஸ்ரிக்கில் பூசிய பெயின்ற் ஏன் உரிகிறது?

இரண்டு வாரமாக இரவில் கண்விழித்து நிறம் தீட்டிய சிறிய உருவம் ஒன்று, விளையாட்டு மேசையில் நாலைந்து தடவை கைபட்டதும் வாள்நுனியிலும் மூக்கிலும் வெறும் பிளாஸ்ரிக்கைக் காட்டத் தொடங்குகிறது. தீட்டியவர் முதலில் தன் கையை நோவார், அடுத்து பெயின்ற்றை நோவார். பெரும்பாலும் இரண்டிலும் பிழை இருப்பதில்லை. பிழை, முதல் பூச்சுக்கு முன்பே நடந்துவிடுகிறது.

இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் நகரைத் தலைமையகமாகக் கொண்ட கேம்ஸ் வேர்க்ஷொப் நிறுவனம் 1983 இல் வோர்ஹம்மர் என்ற மேசை விளையாட்டை வெளியிட்டது. இத்தகைய விளையாட்டுகளின் உருவங்கள் பெரும்பாலும் நிறமின்றி, துண்டு துண்டாகவே பெட்டியில் வருகின்றன. அவற்றை ஒட்டி, நிறம் தீட்டுவது வாங்கியவரின் வேலை. பலருக்கு விளையாட்டை விட அந்த வேலையே பெரிய ஆறுதல். அதனால்தான் நிறம் உரியும்போது மனமும் நோகிறது.

மரமும் சீமெந்துச் சுவரும் பெயின்ற்றைக் கொஞ்சம் உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். பிளாஸ்ரிக்கில் அப்படி உறிஞ்சும் துளைகள் இல்லை. ஆகவே பெயின்ற் அதன் மேல் நன்றாகப் பரவி, மேற்பரப்பைப் பற்றிக்கொண்டால்தான் நிலைக்கும். விரல்களின் எண்ணெயோ, அச்சிலிருந்து உருவத்தைக் கழற்றப் பூசிய பொருளின் மிச்சமோ இடையில் இருந்தால், பெயின்ற் பிளாஸ்ரிக்கைத் தொடாமல் அந்த எண்ணெயின் மேலேயே காய்ந்துவிடும்.

எல்லாப் பிளாஸ்ரிக்கும் ஒன்றல்ல. வோர்ஹம்மர் உருவங்களில் பெரும்பாலானவை பொலிஸ்ரைரீன் என்ற கடினமான வகை. அது பெயின்ற்றை ஓரளவு இலகுவாக ஏற்கும். பி.வி.சி.யால் செய்த மென்மையான உருவங்களில், சில ஸ்பிறே பூச்சுகள் நாட்கணக்காகக் காயாமல் பிசுபிசுக்கும். மிகக் கடினமானது பொலிஎதிலீன். எயர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் பழைய சிறு சிப்பாய்கள் இந்த வகையே. அதன் மேற்பரப்பு எதையும் இலகுவில் ஒட்டவிடாது. வளையவும் செய்வதால், காய்ந்த பூச்சு வெடித்து உதிர்கிறது.

செய்ய வேண்டியது எளிது. உருவத்தை இளஞ்சூட்டு நீரிலும் பாத்திரம் கழுவும் சவர்க்காரத்திலும், பழைய பல்துலக்கும் பிறஷால் மெதுவாகத் தேய்த்துக் கழுவுங்கள். முழுமையாகக் காயவிடுங்கள். அதன் பிறகு வெறும் விரலால் தொடாமல், ஒரு போத்தல் மூடியில் ஒட்டி, மூடியைப் பிடித்து வேலை செய்யுங்கள்.

அடுத்தது பிறைமர் எனப்படும் அடிப்பூச்சு. பிளாஸ்ரிக்கையும் மேல் நிறத்தையும் இணைப்பது இதுதான். ஸ்பிறே என்றால் 20 முதல் 30 சென்ரிமீற்றர் தள்ளிப் பிடித்து, மெல்லிய படலமாக இரண்டு தடவை அடிக்க வேண்டும். மழை நாளிலும் ஈரக்காற்றிலும் அடித்தால் பூச்சு வெளிறலாம். இதை வீட்டுக்கு வெளியே, நெருப்புக்குத் தொலைவில், முகக்கவசத்துடன் செய்வதே பாதுகாப்பு. மென்மையான பி.வி.சி.க்கு பிறஷால் பூசும் நீர்க்கலவை அக்ரிலிக் பிறைமர் நல்லது. பொலிஎதிலீனுக்குச் சாதாரண பிறைமர் போதாது. அதற்கு முன் ஒட்டுதிறனை ஏற்படுத்தும் தனிப்பூச்சு வேண்டும்.

நிறத்தையும் ஒரேயடியாகத் தடிப்பாகப் பூசாமல், நீர் கலந்து மெல்லிதாகப் பல தடவை பூசுங்கள். இறுதியில் ஒரு வார்ணிஷ் பூச்சு, கைபடும் தேய்மானத்தைத் தாங்கும்.

பெட்டி முழுவதையும் தீட்ட முன்னர் ஒரு துண்டில் பரீட்சித்துப் பாருங்கள். ஒரு நாள் காய்ந்த பின் ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டி, சட்டென இழுங்கள். நாடாவோடு நிறம் வந்தால், வந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு மீண்டும் கழுவுவதிலிருந்து தொடங்குங்கள்.

வீட்டு முற்றத்துப் பிளாஸ்ரிக் கதிரைக்கும் இதே விதிதான். அது பெரும்பாலும் பொலிபுரோப்பிலீன். பொலிஎதிலீனின் நெருங்கிய உறவு. அடியில் முக்கோணத்துக்குள் 5 என்ற இலக்கம் இருந்தால், தனிப்பூச்சு இல்லாமல் பெயின்ற்றுக்குக் காசு செலவழிக்காதீர்கள்.